நட்சத்திரக் கூட்டங்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட எது உதவும்?

எங்கள் வீட்டு அலமாரியின் மேல் ஒரு தொலைநோக்கி படுத்திருக்கிறது. நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து இணையத்தில் வாங்கியது. வந்திறங்கிய அன்று இரவே மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனோம். பொங்கல் விடுமுறை, வானம் துடைத்துவைத்தது போல் இருந்தது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளும் இரண்டாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகனும் யார் முதலில் பார்ப்பது என்று சண்டை போட்டு, கடைசியில் சின்னவன் ஜெயித்தான். வேட்டைக்காரன் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைக் காட்டுவதாகத் திட்டம். கண்ணை வைத்தவன் வெகுநேரம் அசையவில்லை. பிறகு, "அத்தை, இரண்டுதான் தெரிகிறது. மூன்றாவதை யார் எடுத்தது?" என்றான்.

யாரும் எடுக்கவில்லை. கணக்கு அப்படி. தொலைநோக்கியின் குவியத் தூரம் 700 மில்லிமீட்டர், கண் வைக்கும் வில்லையின் குவியத் தூரம் 20 மில்லிமீட்டர் என்றால் 35 மடங்கு பெரிதாகத் தெரியும். அப்படிப் பார்க்கும்போது கிடைக்கும் வானத்தின் அகலம் ஒன்றரைப் பாகை கூட இல்லை. ஓரியன் என்கிற வேட்டைக்காரனின் இடுப்புப்பட்டை மட்டுமே ஏறத்தாழ மூன்று பாகை. தோளிலிருந்து பாதம் வரை அளந்தால் பதினெட்டுப் பாகைக்கு மேல். ஊசித்துளை வழியாக யானையைப் பார்த்த கதைதான். நிலவின் பள்ளங்களுக்கும் வியாழனின் துணைக்கோள்களுக்கும் அது நல்ல கருவி. நட்சத்திரக் கூட்டங்களைக் கற்றுக்கொடுக்க அதைவிடப் பொருந்தாத பொருளை நான் காசு கொடுத்து வாங்கியதில்லை.

அதன்பிறகு இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டேன். கைப்பேசிச் செயலி, காலண்டர் அட்டையில் செய்த வான்சக்கரம், திருவனந்தபுரம் கோளரங்கம், கடற்கரை ஊர்ப் பாட்டா ஒருவர், வெறும் பாய் என்று எல்லாம் ஆயிற்று. எது மேல் என்று தெரிந்தவர்கள் கேட்கும்போது ஒரே அளவுகோலை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். காட்டிக்கொடுத்து ஒரு வாரம் கழித்து, கையில் எதுவும் இல்லாமல், யாரும் கேட்காமல், பிள்ளை தானாக நிமிர்ந்து "அதோ" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்த வழி நல்லது. சொல்லாவிட்டால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது பொழுதுபோக்கு.

கருவிகளுக்குப் போவதற்கு முன் நம் ஊரைப் பற்றி ஒன்று. கன்னியாகுமரி முனை 8 பாகை 5 நிமிட வட அட்சரேகையில் இருக்கிறது. கடையில் விற்கும் வானியல் புத்தகங்களும் இணையக் காணொளிகளும் பெரும்பாலும் நாற்பது பாகைக்கு மேலே வாழ்பவர்கள் அவர்களுடைய பிள்ளைகளுக்காகச் செய்தவை. "முதலில் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடி" என்றுதான் அவை தொடங்கும். நமக்கு அது அடிவானத்திலிருந்து எட்டுப் பாகை உயரத்தில் இருக்கிறது. கையை நீட்டி விரல்களை மடக்கினால் ஒரு முஷ்டி ஏறத்தாழ பத்துப் பாகை, அதற்கும் கீழே. வடக்கே மலை, மலைக்கு முன்னால் தென்னை, தென்னைக்கு முன்னால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்த நான் துருவ நட்சத்திரத்தை உறுதியாகப் பார்த்தது இரண்டே முறைதான்.

அதே புத்தகங்களில் ஓரியன் நிமிர்ந்து நிற்பான். நம் ஊரில் அவன் நிற்பதே இல்லை. கிழக்கில் எழும்போது தலையை வடக்கே சாய்த்துப் படுத்தபடி எழுகிறான். இடுப்பு நட்சத்திரங்கள் மூன்றும் ஏணிப்படி போல ஒன்றன்மேல் ஒன்றாக வரும். உச்சிக்கு வந்தால் நேராகத் தலைக்கு மேல். மேற்கே இறங்கும்போதும் படுக்கைதான். புத்தகப் படத்தோடு மாடிக்குப் போகும் பிள்ளை நிற்கிற மனிதனைத் தேடித் தேடி, இல்லை என்று இறங்கிவிடும். பிள்ளைக்குக் கவனம் போதவில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இழப்புக்கு ஈடாக நமக்குக் கிடைத்திருப்பது தெற்கு. இமயத்தடியில் இருப்பவர்கள் முழுதாகப் பார்க்க முடியாத தென்சிலுவை, இங்கே கடலுக்கு மேல் இரண்டு முஷ்டி உயரத்துக்கு ஏறுகிறது. அகத்தியர் நட்சத்திரம் என்கிற கனோபஸ் மூன்று முஷ்டி. மே மாதம் இரவு ஒன்பது மணிக்கு மேல் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுத் திரும்பினால் வடக்கே சப்தரிஷி மண்டலம், தெற்கே தென்சிலுவை. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வானத்துக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கைப்பேசிச் செயலி

எல்லோரும் முதலில் போவது இங்கேதான். செலவு இல்லை, உடனே கிடைக்கும். ஸ்டெல்லேரியம் போன்றவற்றில் ஊரை நாகர்கோவில் என்று வைத்துவிட்டால், எந்தத் தேதியில் எந்த மணிக்கு எது எங்கே இருக்கும் என்று துல்லியமாகக் காட்டும். வானத்தில் ஏதோ ஒன்று அளவுக்கு மீறி ஒளிர்ந்து, எந்த வரைபடத்திலும் இல்லாமல் நம்மைக் குழப்பினால், அது வெள்ளியா வியாழனா என்று சொல்லிவிடும். கோள்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் அச்சிட்ட எந்தத் தாளாலும் செய்ய முடியாத வேலை இது.

ஆனால் பிள்ளையின் கையில் கொடுத்தபோது நடந்தது வேறு. சின்னவன் கைப்பேசியை வானத்தை நோக்கிப் பிடித்தான். திரையில் சிங்கம், நண்டு, தேள் எல்லாம் மிதந்து வந்தன. பிறகு தற்செயலாகக் கீழே சாய்த்தான். அங்கேயும் நட்சத்திரங்கள். "அத்தை, தரைக்குக் கீழேயும் இருக்கிறதா?" என்று கேட்டான். இருக்கிறது, பூமிக்கு அந்தப் பக்கம் என்று சொன்னேன். அந்த இரவின் மிகச் சிறந்த கேள்வி அதுதான், மறுக்கவில்லை. ஆனால் அரை மணி நேரமும் அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தேளின் படம் நினைவிருக்கிறது. வானத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இதில் பிள்ளையின் தப்பு ஒன்றுமில்லை. கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். பிரகாசமான திரையை ஒருமுறை பார்த்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். சிவப்புத் திரைக்கு மாற்றினால் ஓரளவு தாங்கும். கான்கிரீட் கூரையில் இருக்கும் இரும்புக் கம்பிகளும் தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கியும் கைப்பேசியின் திசைகாட்டியைக் குழப்பும் என்பது இன்னொரு தொல்லை. எங்கள் மாடியின் ஒரு மூலையில் நின்றால் தெற்கு, மறு மூலையில் நின்றால் தென்மேற்கு. வீட்டுக்கு எதிரே எந்தத் திசையில் கடல் என்று தெரிந்த பிள்ளைகளிடம் அந்தத் திரை சொல்வது எடுபடுமா?

ஆக, செயலி வேண்டும், பெரியவருக்கு மட்டும். மாலையில் காபி குடிக்கும்போது பார்த்து வைத்துக்கொண்டு, கைப்பேசியைக் கீழே விட்டுவிட்டு மாடி ஏறுவது என் வழக்கமாகிவிட்டது.

காலண்டர் அட்டைச் சக்கரம்

ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் இரண்டு வட்டங்கள். அடியில் இருப்பதில் முழு வானமும், விளிம்பில் தேதிகளும். மேலிருப்பதில் ஒரு திறப்பும், விளிம்பில் மணிகளும். தேதியையும் மணியையும் நேருக்கு நேர் வைத்தால் அப்போதைய வானம் திறப்பில் தெரியும். பத்துப் பாகை அட்சரேகைக்கான மாதிரியை அச்சிட்டு, போன ஆண்டின் தினசரி காலண்டர் அட்டையில் ஒட்டி, நடுவில் துணிக்குத் தைக்கும் அழுத்துப் பொத்தானைப் பொருத்தினோம். அரை நாள் போனது. மகளுக்கு அந்த அரை நாளில் கிடைத்தது அதன்பிறகு பல இரவுகளில் கிடைத்ததைவிட அதிகம். தேதியை ஒரு மாதம் தள்ளினால் மணி இரண்டு மணி நேரம் பின்னால் போகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். ஒரு நாளைக்கு நாலு நிமிடம் முந்தி எழுகிறது என்று நான் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பாள், அவ்வளவுதான்.

சிக்கல் இரண்டு. முதலாவது சின்னது: சக்கரத்தில் கிழக்கும் மேற்கும் இடம் மாறி இருக்கும். தரைப் படத்தைப் போல் மேசையில் வைத்துப் பார்த்தால் தப்பு. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அண்ணாந்து பார்த்தால் சரியாகிவிடும். இரண்டாவதுதான் பெரியது. வட துருவத்தை நடுவில் வைத்து வரையும் சக்கரத்தில் தெற்கே போகப் போக எல்லாம் பக்கவாட்டில் இழுபடும். தென்சிலுவை இருக்கும் இடத்தில் அந்த இழுப்பு ஐந்து மடங்கு. விருச்சிகம் கொழுத்த நண்டாகிவிடுகிறது. சிலுவை, சிலுவையாகவே இல்லை. நம் வானத்தின் தனிச்சொத்து எதுவோ அதையே இந்தச் சக்கரம் கெடுத்து வைத்திருக்கிறது. தென்பாதிக்கு மறுபக்கத்தில் தனியாக ஒரு படம் இருக்கும் இரட்டைச் சக்கரம் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தெற்கு வானத்தைச் செயலியில் பார்த்து ஒரு தாளில் கையால் வரைந்துகொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சக்கரம் ஒரு விளையாட்டுச் சாமான். சின்னவன் அதை ஸ்டியரிங்காக வைத்து பஸ் ஓட்டினான்.

கோளரங்கம்

திருவனந்தபுரத்தில் பிரியதர்சினி கோளரங்கம், திருநெல்வேலியில் மாவட்ட அறிவியல் மையம். இரண்டுமே நாகர்கோவிலிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரம். நாங்கள் போனது திருவனந்தபுரத்துக்கு. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் காதில் விழுந்து பழக்கம் என்பதால் மொழி பெரிய தடையில்லை. போகும் வழியில் நான் பிள்ளைகளிடம் பழங்கதை பேசினேன்: சுவாதித் திருநாள் மகாராஜா 1837-லேயே அந்த ஊரில் வானியல் ஆய்வகம் அமைத்தார், அப்போது நாமும் திருவிதாங்கூர்க்காரர்கள்தான், 1956 நவம்பர் 1-ல்தான் இந்தப் பக்கம் வந்தோம். இருவரும் ஜன்னல் ஓரத்துக்கு அடித்துக்கொண்டிருந்ததால் யாரும் கேட்கவில்லை.

அரங்கம் இருண்டு, குவிமாடம் முழுக்க நட்சத்திரம் பூத்தபோது இருவரும் வாயைப் பிளந்தார்கள். மேகம் இல்லை, கொசு இல்லை, தெருவிளக்கு இல்லை. ஓராண்டு வானம் ஒரு மணி நேரத்துக்குள் ஓடியது. வீட்டுக்கு வந்து அன்றிரவே மாடிக்குப் போனால் அங்கே இருந்தது பதினைந்து இருபது நட்சத்திரங்கள். "இது நல்ல வானம் இல்லை" என்று சின்னவன் இறங்கிவிட்டான். வருத்தமாகத்தான் இருந்தது.

அதற்காகப் போகவேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வரிசை மாறிவிட்டது, அவ்வளவே. நாலைந்து கூட்டங்களைத் தெரிந்துகொண்ட பிறகு கூட்டிப்போயிருந்தால், இருட்டில் பக்கத்துச் சீட்டுக்காரர்களுக்கு இவர்களே கைகாட்டியிருப்பார்கள்.

பாட்டா

முட்டத்துக்கு அருகே ஒரு கடற்கரை ஊரில் அம்மாவின் தோழி வீடு. அந்த வீட்டுப் பெரியவருக்கு எண்பதை நெருங்குகிறது. கட்டுமரத்திலும் பிறகு வள்ளத்திலும் போனவர். இப்போது வள்ளங்களில் ஜிபிஎஸ் இருக்கிறது. இளையவர்கள் வானத்தைப் பார்ப்பது மழை வருமா என்பதற்கு மட்டும். ஒரு தை மாத மாலை பிள்ளைகளை அவரிடம் உட்காரவைத்தேன். நான் வரைந்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"மக்களே, படத்தைத் தேடாதே. எது முன்னால் வருகிறது, எது பின்னால் வருகிறது என்று பார். முதலில் ஆறாமீன். அதற்குப் பின்னால் ஒரு சிவந்த வெள்ளி. அதற்கும் பின்னால் மூன்று வெள்ளி. மூன்று வெள்ளி வந்துவிட்டால் கடைசியில் பெரிய வெள்ளி வந்தே ஆக வேண்டும்."

அங்கே நட்சத்திரத்துக்கு வெள்ளி என்றுதான் பெயர். அவர் சொன்ன ஆறாமீன் நம் கார்த்திகை. சிவந்தது ரோகிணி. மூன்று வெள்ளி ஓரியனின் இடுப்பு. கடைசிப் பெரிய வெள்ளி சிரியஸ், இரவு வானத்தில் மிகப் பிரகாசமான நட்சத்திரம். இடுப்பு நட்சத்திரங்கள் மூன்றையும் ஒரு கோடாக நீட்டினால் ஒரு பக்கம் சிரியஸ், மறுபக்கம் ரோகிணி, இன்னும் போனால் கார்த்திகை. எல்லா வானியல் புத்தகங்களிலும் இந்தக் கோடு இருக்கிறது. ஆனால் புத்தகம் அதைக் கோடாகச் சொல்கிறது. அவர் ஊர்வலமாகச் சொன்னார். கோவில் திருவிழாவில் முன்னால் குடை, நடுவில் சப்பரம், பின்னால் மேளம் என்று தெரிந்த பிள்ளைக்கு ஊர்வலம் மறக்குமா? ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் முழுமையாகத் தேறியது இதுதான். சின்னவன் பல் தேய்த்துக்கொண்டே ஜன்னல் வழியாக, "சிவந்த வெள்ளி வந்துவிட்டது, இனி மூன்று வரும்" என்றான்.

தென்சிலுவைக்கு அவர் சொன்ன பெயர் குருசு. நேராக நிற்கும்போது அதன் கால் காட்டுவது தெற்கு என்றார். வழியெல்லாம் குருசடிகளை, அதாவது தெருவோரச் சிலுவைகளை, பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு அந்த வடிவத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்: அதற்கு முன்னாலேயே இன்னொரு குருசு வரும், அதை நம்பாதே. உண்மைதான். பொய்ச்சிலுவை என்று வானியலில் அதற்குப் பெயர். மார்ச் மாதம் இரவு ஒன்பது பத்து மணிக்குத் தெற்கே தெரியும். உண்மையான சிலுவையைவிடப் பெரியது, மங்கலானது. உண்மையானதற்குப் பின்னாலேயே, கிழக்குப் பக்கம், இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் துணைக்கு வரும். பொய்க்கு அந்தத் துணை இல்லை.

குறையும் உண்டு. எட்டு மணிக்கு அவர் படுத்துவிடுவார். அவருக்கு வேண்டாத நட்சத்திரங்களுக்கு அவரிடம் பெயரும் இல்லை, மிதுனத்தின் இரட்டையைப் பற்றி மகள் கேட்டதற்கு, "அது எதற்கு நமக்கு?" என்றார். இப்படி ஒரு பாட்டா எல்லோர் வீட்டுக்கும் கிடைக்கவும் மாட்டார். கிடைத்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

பாயும் புளியங்கொட்டையும்

கடைசியில் எங்கள் வீட்டில் நிலைத்தது இது. மாடியில் பாயை விரித்து, தலை வடக்கேயும் கால் தெற்கேயும் வைத்துப் படுப்பது. வடக்கே தலை வைக்கக் கூடாது என்று அம்மா முதல் நாள் கீழே இருந்து சத்தம் போட்டார். தூங்கப் போவதில்லை என்று சமாதானம் சொன்னோம். இப்படிப் படுத்தால் இடப்பக்கம் கிழக்கு, வலப்பக்கம் மேற்கு, கால் விரல்களுக்கு மேலே தெற்கு வானம். கழுத்து வலிக்காது என்பதால் பிள்ளைகள் முக்கால் மணி நேரம் கிடக்கிறார்கள்.

விரலால் காட்டுவதில் ஒரு தந்திரம் இருக்கிறது. நாம் நின்றுகொண்டு நீட்டும் விரல், இடுப்பு உயரத்தில் நிற்கும் பிள்ளைக்கு வேறு எங்கேயோ காட்டும். நம் கன்னத்தைப் பிள்ளையின் கன்னத்தோடு ஒட்டி, அதன் கையைப் பிடித்து அந்தக் கையாலேயே காட்ட வேண்டும். மாங்காய் பறிக்கும் தோட்டி இருந்தால் இன்னும் வசதி. பச்சை லேசர் விளக்கை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பிள்ளைகள் இருக்கும் மாடியில் அது வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், நம் தலைக்கு மேல் திருவனந்தபுரம் விமானங்களும் போகின்றன.

பார்த்து முடித்துக் கீழே இறங்கியதும், விளக்கைப் போட்டு, தரையில் புளியங்கொட்டையை வைத்து அதே கூட்டத்தை அடுக்கச் சொல்வேன். ஓரியனுக்கு ஏழு: தோள் இரண்டு, கால் இரண்டு, இடுப்பு மூன்று. திருவாதிரை சிவப்பு என்பதால் அந்த இடத்தில் ஒரு மஞ்சாடி விதை. முதல் நாள் சின்னவன் இடுப்பு மூன்றையும் படுக்கைக் கோடாக வைத்தான். மறுநாள் மறுபடி மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் சாய்த்து வைத்தான். எந்தத் திரையும் இப்படித் திருத்தவில்லை. கோலத்தில் புள்ளிகளை நினைவில் வைத்து இழுக்கும் வீடுகளில் இது இன்னும் எளிது.

ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு கூட்டம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் ஒன்றும் நிற்காது.

இருட்டான இடத்துக்குப் போக வேண்டாமா என்றால், முதல் பாடத்துக்கு வேண்டாம் என்பது என் கட்சி. ஒக்கிப் புயலுக்குப் பிறகு, 2017 டிசம்பரில், மின்சாரம் இல்லாமல் ஊர் கிடந்தது. முதல் சில இரவுகள் பௌர்ணமியை ஒட்டியவை. நிலவு தாமதமாக எழத் தொடங்கியபின் வானம் அப்படி ஒரு இருட்டு. கடலுக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்த அந்த நாட்களில் நட்சத்திரம் பார்க்கும் மனநிலை யாருக்கும் இல்லை. இருந்தாலும் ஒரு இரவு நிமிர்ந்தவள் திகைத்தேன்: எனக்கு நன்றாகத் தெரிந்த கூட்டங்களே ஆயிரக்கணக்கான பொடி நட்சத்திரங்களுக்குள் தொலைந்துபோயிருந்தன. புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு நாகர்கோவில் மாடியின் அரைகுறை வெளிச்சம் ஒரு சல்லடை. பெரியவை மட்டும் மிஞ்சும். அரை நிலவு இருந்தாலும் பரவாயில்லை.

தெற்கு வானத்துக்கு மட்டும் கடற்கரை அவசியம். சொத்தவிளை, முட்டம் பக்கங்களில் கடலுக்கு மேல் தடையில்லை. கன்னியாகுமரி முனையிலேயே பார்க்கலாம் என்று போனால் கடைகளும் விளக்குகளும் பாதி வானத்தை விழுங்கிவிடுகின்றன. சித்ரா பௌர்ணமிக் கூட்டத்தோடு போனால் நிலவு மீதியை விழுங்கும். அடிவானத்தில் வரிசையாக மீன்பிடி விளக்குகள் தெரியும். அதில் ஒன்றை நட்சத்திரம் என்று என் மகள் பத்து நிமிடம் வாதாடினாள். பேச்சிப்பாறைப் பக்கம் இருட்டு நன்றாக இருக்கும்தான். காட்டு யானைகளுக்கும் அது பிடிக்கும்.

எந்தப் பெயர், எந்த மாதம்

சர்வதேச வானியல் ஒன்றியம் 1922-ல் ஏற்றுக்கொண்ட 88 கூட்டங்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுப்பதா, நம் பஞ்சாங்கத்தின் 27-ஐயா என்று ஒரு கேள்வி வரும். இரண்டும் ஒன்றல்ல. பஞ்சாங்கத்தில் இருப்பவை நிலவு போகும் பாதையை ஒட்டிய நட்சத்திரங்கள், சிறு கூட்டங்கள். திருவாதிரை ஓரியனின் தோள்; மிருகசீரிடம் அவன் தலை; கேட்டை விருச்சிகத்தின் இதயம்; சித்திரை கன்னியில். பள்ளியில் முதல் வகைதான் வரும், அதை விட முடியாது. ஆனால் ஆசை பிடிப்பது இரண்டாவதில். "உன் நட்சத்திரம்" என்று ஒன்று மேலே இருக்கிறது என்று தெரிந்த பிள்ளையை மாடியிலிருந்து இறக்குவதுதான் கஷ்டம். ஜாதகம் பார்க்காத வீடுகளில் பிறந்த மாதத்தில் மாலை உச்சியில் நிற்கும் கூட்டத்தைக் கொடுத்துவிடுங்கள்.

சப்தரிஷியில் வாலின் நடு நட்சத்திரம் வசிஷ்டர். ஒட்டிய சின்னது அருந்ததி. கண் நன்றாக இருந்தால் இரண்டும் பிரிந்து தெரியும். போன ஆண்டு நண்பகல் முகூர்த்தக் கல்யாணம் ஒன்றில் மணமக்களை வெளியே கூட்டிவந்து அருந்ததி பார்க்கச் சொன்னபோது, கூட்டத்தின் நடுவிலிருந்து அண்ணன் மகன், "இப்போது தெரியாது, மே மாதம் ராத்திரி வடக்கே வரும்" என்று உரக்கச் சொல்லிவிட்டான். அண்ணி அவன் வாயைப் பொத்தினார்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை வானம் நம்ப முடியாதது. ஜனவரி முதல் மார்ச் வரை பொற்காலம். பொங்கல் வாரத்தில் இரவு எட்டு மணிக்கு ஓரியன் கிழக்கே நன்றாக ஏறியிருப்பான். மாதக் கடைசியில் ஒன்பது மணிக்குத் தலைக்கு மேல். பிப்ரவரி நடுவில் அதே நேரம் தெற்கே அகத்தியர். ஏப்ரல், மே மாதங்களில் சிலுவையும் சப்தரிஷியும். கோடை மழை மேகம் குறுக்கே வராமல் இருக்க வேண்டும்.

அப்படியானால் விருச்சிகம்? வானத்தில் படத்துக்கும் உருவத்துக்கும் உண்மையிலேயே பொருத்தமான ஒரே கூட்டம் என்று நான் சொல்வேன். கொடுக்கு வரை அப்படியே தேள். அது மாலையில் உச்சிக்கு வருவது ஜூலையில், கொட்டும் மழையில். இதற்கு வழி சக்கரத்தைச் சுழற்றிய என் மகளே கண்டுபிடித்தாள். ஜூன் மாதம் முன்னிரவில் தெரியும் அதே வானம் பிப்ரவரியில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தெரியும், அப்போது மழையும் இல்லை. அவள் நட்சத்திரம் கேட்டை.

பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், ஓராண்டு பாயில் படுத்தபின் ஒரு 7×50 இருகண் நோக்கி வாங்கலாம். ஏறத்தாழ ஏழு பாகை வானம் தெரியும் என்பதால் இடுப்புப்பட்டை முழுதாக உள்ளே நிற்கும், கார்த்திகையில் ஆறுக்கு மேல் எண்ணலாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது கனம். பத்துக்கு மேல் சரி. எங்கள் வீட்டில் அது இந்தத் தீபாவளிக்குத்தான் வரும் என்று பேச்சு. தொலைநோக்கி நிலவுக்காக மாதத்தில் ஒருமுறை அலமாரியிலிருந்து இறங்குகிறது.

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, மகள் நாலே முக்காலுக்கு அலாரம் வைத்திருந்தாள். நான் எழுந்திருப்பேன் என்று நினைக்கவே இல்லை. அவளும் நம்பவில்லை, என்னை எழுப்பாமலே போய்விட்டாள். நான் மாடிக்கு வந்தபோது சுவரில் சாய்ந்து, போர்வையைத் தலையோடு போர்த்தியபடி தென்கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டை சிவப்பாக நின்றது. வலப்பக்கம் தெற்கைத் தாண்டி மேற்கே சாயத் தொடங்கியிருந்தது குருசு. "எனக்கு ஒன்றும் காட்டாதே அம்மா" என்றாள்.